பதினாலு வருஷம் கட்டிய ஆர்.டி.: நாலு பெண்களும் ஒரு புல்தரையும்

லான் பவுல்ஸ் என்று ஒரு விளையாட்டு இருப்பது 2022 ஆகஸ்ட் 2-ஆம் தேதிக்கு முன்னால் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? சிட்னி, ஆக்லாந்து, லண்டன் பக்கம் குடியிருக்கும் நம்மவர்களுக்குக் கொஞ்சம் தெரிந்திருக்கலாம். தெருமுனையில் 'பவுலிங் கிளப்' என்று ஒரு போர்டு இருக்கும். உள்ளே சவரம் செய்துவிட்ட மாதிரி ஒரு புல்தரை. வெள்ளைச் சட்டை போட்ட தாத்தா பாட்டிகள் குனிந்து குனிந்து எதையோ உருட்டிக்கொண்டிருப்பார்கள். பார்க்கிங் கிடைக்குமா என்று எட்டிப் பார்த்துவிட்டுக் கடந்து போயிருப்பீர்கள். என்னைப் போல வேலைக்காக இந்தியாவுக்குள்ளேயே ஊர் மாறி வந்தவர்களுக்கு அதுவும் இல்லை. மைசூரில் தசரா குஸ்திக்கு மண் இருக்கிறது, கோல்ஃபுக்குப் புல் இருக்கிறது, குதிரை ஓட மைதானம் இருக்கிறது. ஆனால் இந்த ஆட்டத்தை இங்கே யாரும் ஆடி நான் பார்த்ததில்லை.

அந்த ஆகஸ்ட் 2 அன்று பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் நாலு இந்தியப் பெண்கள் இதில் தங்கம் வாங்கினார்கள். லவ்லி சௌபே, பிங்கி, நயன்மோனி சைக்கியா, ரூபா ராணி திர்கி. அதற்கு முன்னால் லான் பவுல்ஸில் இந்தியா ஒரு வெண்கலம்கூட வாங்கியதில்லை. மறுநாள் எங்கள் கிளையில் டீ நேரத்தில் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "ஸார், இது என்ன ஆட்டம், கோலி மாதிரியா?"

கோலி மாதிரிதான். ஆனால் கோலி கிடையாது :-) விளக்கிவிடுகிறேன். இது தெரியாவிட்டால் அந்த நாலு பேர் செய்தது என்ன என்று புரியாது.

நீளமான புல்தரையில் முதலில் ஒரு சின்ன வெள்ளை (அல்லது மஞ்சள்) பந்தை உருட்டி விடுவார்கள். அதன் பெயர் ஜாக். குறைந்தது 23 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அப்புறம் இரண்டு அணியும் மாறி மாறிப் பெரிய பந்துகளை உருட்டும். ஜாக்குக்கு மிக அருகில் யாருடைய பந்து நிற்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. எதிராளியின் மிக நெருங்கிய பந்தைவிட உங்கள் பந்துகள் எத்தனை அருகில் இருக்கின்றனவோ அத்தனை புள்ளிகள். ஒரு சுற்றில் ஒரு அணிக்குத்தான் வரவு, மற்றதற்கு சுத்தமாகப் பூஜ்யம். நால்வர் ஆட்டத்தில் ஆளுக்கு இரண்டு பந்து, மொத்தம் 15 சுற்று. அவ்வளவுதான் சட்டம்.

இவ்வளவு சுலபமா என்று கேட்டால், சிக்கல் பந்தில் இருக்கிறது. ஒன்றரைக் கிலோ வரை கனக்கும் அந்தப் பந்து முழு உருண்டை கிடையாது. ஒரு பக்கம் கொஞ்சம் சப்பை. அதனால் நேராக விட்டால் நேராகப் போகாது. வேகம் இருக்கும் வரை ஓரளவு ஒழுங்காகப் போகும், வேகம் குறையக் குறைய ஒரு பக்கமாகச் சாய்ந்து வளைந்துகொண்டே வரும். கடைசி இரண்டு மூன்று மீட்டரில்தான் வளைவு அதிகம். ஆகவே ஜாக்கைப் பார்த்து உருட்டக் கூடாது. ஜாக்குக்கு வெகு தூரம் தள்ளி வெறும் புல்லைப் பார்த்து உருட்ட வேண்டும், அது போய்த் திரும்பி வரும் என்று நம்ப வேண்டும். பந்தைக் கையில் மாற்றிப் பிடித்துவிட்டால் போச்சு, அது எதிர்ப்பக்கம் வளைந்து அடுத்த ஆட்டக்காரர்களின் தடத்துக்குப் போய் நிற்கும்.

அதோடு புல். நியூசிலாந்து, ஆஸ்திரேலியாவில் தரை வேகமானது, லேசாகத் தொட்டுவிட்டாலே பந்து போகும். இங்கிலாந்தில் ஈரமும் தடிமனுமாக மெதுவான புல், அழுத்தி விட வேண்டும். இந்த வேகத்தை விநாடியில் அளக்கிறார்கள். பந்து குறிப்பிட்ட தூரம் போய் நிற்க எத்தனை விநாடி ஆகிறதோ அதுதான் கணக்கு. விநாடி அதிகமானால் வேகமான தரை! முதலில் படித்தபோது எழுத்துப்பிழை என்று நினைத்தேன். யோசித்தால் சரிதான். வழுக்கும் தரையில் மெதுவாக விட்டாலே போதும், அது நிதானமாக ரொம்ப நேரம் உருண்டு போகும்.

நாலு பேருக்கும் நாலு வேலை. முதலில் உருட்டுபவர் லீட். ஜாக்கை நிறுத்துவதும், அதன் பக்கத்தில் முதல் பந்தை வைப்பதும் இவர் பொறுப்பு. அப்புறம் செகண்ட், தேர்ட். கடைசியில் ஸ்கிப், அதாவது கேப்டன். மற்ற மூன்று பேரும் உருட்டும்போது ஸ்கிப் எதிர்முனையில் நின்று 'இப்படி விடு, அப்படி விடு' என்று கை காட்டுவார். தன் முறை வரும்போது இந்தப் பக்கம் நடந்து வந்து, ஏற்கனவே சிதறிக் கிடக்கும் பந்துகளுக்கு நடுவே கடைசி இரண்டு பந்தை விட வேண்டும். கூட்டிக் கழித்து வந்த கணக்கைக் கடைசியில் நேர் செய்கிற வேலை. கிளையில் மாலை ஐந்து மணிக்கு கேஷ் டேலி ஆகாமல் நிற்கும்போது அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கு ஸ்கிப்பின் மனநிலை புரியும்.

கொஞ்சம் பழைய கதை. இங்கிலாந்தில் சௌதாம்ப்டன் ஊரில் இருக்கும் புல்தரை 1299 முதல் இருப்பதாகச் சொல்கிறார்கள். 1588-ல் ஸ்பானியக் கப்பல்படை வருகிறது என்று ஆள் ஓடி வந்து சொன்னபோது, ஆட்டத்தை முடித்துவிட்டு வருகிறேன் என்றாராம் சர் ஃபிரான்சிஸ் டிரேக். அந்தக் காலத்து ஆவணம் எதிலும் இது இல்லை, பிற்பாடு வந்த கதை. எனக்குப் பிடித்தது அதைவிட உறுதியான சரித்திரம். எட்டாம் ஹென்றி காலத்தில் 1541-ல் ஒரு சட்டம் வந்தது. கூலிக்காரன், கைவினைஞன், வேலைக்காரன் எல்லாம் கிறிஸ்துமஸ் தவிர மற்ற நாட்களில் பவுல்ஸ் ஆடக் கூடாது. சொத்து உள்ளவன் அனுமதி வாங்கித் தன் தோட்டத்திலேயே ஆடிக்கொள்ளலாம். சாமானியன் வில்வித்தை பழகாமல் பந்து உருட்டிக்கொண்டிருந்தால் ராஜாவுக்குப் படைக்கு ஆள் கிடைக்காதே! அந்தச் சட்டத்தை நீக்க 1845 வரை ஆயிற்று.

அதற்கிடையில் 1830-ல் எட்வின் பட்டிங் என்பவர் புல்வெட்டும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தார். அதுவரை அரிவாளாலும் ஆடுகளாலும் நடந்த வேலை. புல் சமமானதும் ஆட்டமும் சமமாயிற்று. கிளாஸ்கோவில் வில்லியம் மிட்செல் 1849-ல் விதிகளை எழுதி வைத்தார். கிரிக்கெட் பக்தர்களுக்கு ஒரு தகவல்: 1903-ல் தொடங்கிய இங்கிலீஷ் பவுலிங் அசோசியேஷனின் முதல் தலைவர் டபிள்யூ.ஜி. கிரேஸ். ஆமாம், அதே தாடிக்காரர்தான். மட்டையை வைத்துவிட்டு இதற்கு வந்தார்.

இந்த ஆட்டத்தின் பிராட்மன் யார் என்றால் டேவிட் பிரையன்ட். இங்கிலாந்தின் கிளீவ்டன் ஊர்க்காரர், பள்ளி ஆசிரியராக இருந்தவர். வாயில் பைப்பை வைத்துக்கொண்டே ஆடுவார். 1962, 1970, 1974, 1978 என்று நாலு காமன்வெல்த் போட்டிகளில் ஒற்றையர் தங்கம். நடுவில் 1966 ஏன் இல்லை என்றால், கிங்ஸ்டனில் அந்த வருஷம் பவுல்ஸே நடக்கவில்லை. வெளிப்புல்லில் நடக்கும் உலகப் போட்டியில் 1966, 1980, 1988 மூன்று முறை ஒற்றையர் பட்டம். கடைசிப் பட்டம் வாங்கும்போது வயது 56! நமக்கெல்லாம் அந்த வயதில் வி.ஆர்.எஸ். எடுக்கலாமா என்றுதான் யோசனை ஓடும்.

இப்போது இந்தியாவுக்கு வருவோம். வெள்ளைக்காரன் விட்டுப் போன ஆட்டங்களில் சிலவற்றை நாம் எடுத்துக்கொண்டு அவனையே ஜெயித்தோம். மைசூரிலிருந்து பந்திப்பூர் காட்டைத் தாண்டி பஸ்ஸில் ஏறினால் ஊட்டி. அந்த ஊட்டி கிளப்பில்தான் 1882 வாக்கில் ஸ்னூக்கர் விதிகள் எழுத்து வடிவம் பெற்றன. இன்று அந்த ஆட்டத்தில் பெங்களூரின் பங்கஜ் அத்வானி உலகப் பட்டங்களாக அடுக்கி வைத்திருக்கிறார். பேட்மிண்டனிலும் இப்படித்தான். பிரகாஷ் படுகோனின் அப்பா மைசூர் பேட்மிண்டன் சங்கத்தின் செயலாளராக இருந்தவர். மகன் பழகியது பெங்களூர் மல்லேஸ்வரத்தில் கனரா யூனியனின் கல்யாண மண்டபத்தில். முகூர்த்தம் இல்லாத நாளில் ஆட்டம். அங்கிருந்து 1980-ல் ஆல் இங்கிலாந்து பட்டம் வரை போனார்.

லான் பவுல்ஸுக்கு அந்தக் கல்யாண மண்டப வசதிகூட இல்லை. மேஜை வாங்கிப் போடலாம், மண்டபத்தில் வலை கட்டலாம், சமமான புல்தரையை யார் வளர்ப்பது? தண்ணீர் வேண்டும், ஆள் வேண்டும், தினமும் வெட்ட வேண்டும், மற்றவர்களை அதன்மேல் நடக்க விடக் கூடாது. நம் ஊரில் காலி இடத்தைப் பார்த்தால் முதலில் ஸ்டம்ப்தான் நடுவோம். அதனால் கல்கத்தாவின் பழைய கிளப்புகளைத் தாண்டி இந்த ஆட்டம் வெகுநாள் வெளியே வரவில்லை.

வந்தது எப்படி என்பதுதான் வேடிக்கை. 2003 நவம்பரில் ஜமைக்காவில் ஓட்டெடுப்பு நடந்தது. 2010 காமன்வெல்த் போட்டி யாருக்கு? டெல்லிக்கும் கனடாவின் ஹாமில்டனுக்கும் போட்டி. 1930-ல் முதல் போட்டி நடந்த ஊரே ஹாமில்டன்தான், அன்றைக்கே பவுல்ஸ் பட்டியலில் இருந்தது. ஓட்டு 46-க்கு 22, டெல்லி ஜெயித்தது. போட்டி நடத்துகிறவர் கட்டாயம் வைக்க வேண்டிய விளையாட்டுகளில் லான் பவுல்ஸும் ஒன்று. புல்தரை போட்டாக வேண்டும். போட்டால் மட்டும் போதுமா, சொந்த ஊரில் ஆடுவதற்கு ஓர் அணி வேண்டாமா? ஆக, இந்தியாவில் இந்த ஆட்டம் பரவியதற்குக் காரணம் ஆசை கிடையாது, ஒப்பந்தத்தில் இருந்த ஒரு ஷரத்து.

டெல்லியில் ஜவாஹர்லால் நேரு விளையாட்டு வளாகத்தில் போட்டிக்கான தரை வந்தது. ஆர்.கே.புரம் டெல்லி பப்ளிக் ஸ்கூலில் பயிற்சித் தரை போட்டார்கள். ராஞ்சியில் தள்ளித் தள்ளிப் போய்க் கடைசியில் 2011-ல் நடந்த தேசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி நாம்கும் பகுதியில் ஒரு தரை கிடைத்தது. ஆனால் யார் ஆடுவது? பத்து வயதிலிருந்து பழகியவர் யாரும் நாட்டில் இல்லை. வேறு ஆட்டத்தில் அடிபட்டவர்கள், வயதாகிவிட்டது என்று ஒதுங்கியவர்கள், இனி என்ன செய்வது என்று நின்றவர்கள்தான் வந்தார்கள்.

லவ்லி சௌபே ராஞ்சிக்காரர். ஓட்டமும் நீளம் தாண்டுதலும் அவருடைய ஆட்டங்கள். இடுப்பில் காயம் பட்டு அது முடிந்து போனது. பீகார் கிரிக்கெட்டில் அம்பயராக இருந்த மதுகாந்த் பாட்டக் இந்தப் புது ஆட்டத்தைக் காட்டிவிட, 2008-ல் தேசியப் போட்டியில் தங்கமும் பரிசுப் பணமும் கிடைத்தன. வேலை, ஜார்க்கண்ட் போலீஸில் கான்ஸ்டபிள். ரூபா ராணி திர்கியும் ராஞ்சிதான், கபடியிலிருந்து வந்தவர், ராம்கட் மாவட்டத்தின் விளையாட்டு அலுவலர். நயன்மோனி சைக்கியா அஸ்ஸாமின் கோலாகாட் மாவட்டம். பளு தூக்கியவர், காயத்துக்குப் பிறகு 2008-ல் இதற்கு மாறினார், 2022-ல் வனத்துறையில் கான்ஸ்டபிளாக இருந்தார். பிங்கி டெல்லியில் கிரிக்கெட் ஆடியவர், மேலே சொன்ன ஆர்.கே.புரம் பள்ளியிலேயே உடற்கல்வி ஆசிரியை. அவர் ஆட்டத்தைத் தேடிப் போகவில்லை, அவர் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்கே அது வந்து சேர்ந்தது.

நாலு பேரையும் வரிசையாக எழுதிப் பார்த்தபோது எனக்கு முதலில் கண்ணில் பட்டது பதக்கம் கிடையாது, சம்பளக் கணக்கு. போலீஸ், வனத்துறை, பள்ளிக்கூடம், மாவட்ட அலுவலகம். மாதம் பிறந்தால் சம்பளம், போட்டிக்குப் போக விடுப்பு. இது இல்லாமல் 2008-லிருந்து 2022 வரை யாரும் தாக்குப் பிடித்திருக்க முடியாது. சென்னையில் வளர்ந்தவர்களுக்கு இது புதுசில்லை. இந்தியன் வங்கி, ஐ.ஓ.பி., ஐ.சி.எஃப். அணிகளின் வாலிபால், கூடைப்பந்து ஆட்டங்களைப் பார்த்தே ஒரு தலைமுறை வளர்ந்தது. காலையில் பயிற்சி, மதியம் கவுன்டர். எங்கள் துறையில் அப்படி ஆள் எடுப்பது முன்னைப் போல இல்லை என்பதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. விளையாட்டை வளர்க்கிறோம் என்று பேசும்போது எல்லோரும் மைதானம், பயிற்சியாளர், வெளிநாட்டுப் பயணம் என்றுதான் பேசுகிறார்கள். முப்பத்தைந்து வயதில் பால் பாக்கெட்டுக்கும் வாடகைக்கும் எங்கிருந்து வரும் என்பதை யாரும் பேசுவதில்லை.

டெல்லி 2010-ல் சொந்த மண்ணில் பதக்கம் இல்லை. கிளாஸ்கோ 2014-லும் இல்லை, கோல்ட் கோஸ்ட் 2018-லும் இல்லை. மூன்று போட்டிகள், பூஜ்யம். நான் கடன் கொடுக்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தால் 2014-லேயே அந்தக் கணக்கை வாராக்கடனில் சேர்த்திருப்பேன், அதுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முறை. ஆனால் இவர்கள் செய்தது கடன் இல்லை, ஆர்.டி. மாதாமாதம் கட்டினால் நடுவில் ஒன்றும் தெரியாது, பாஸ்புக்கில் வரிதான் கூடிக்கொண்டு போகும். நடுவில் உடைத்தால் அபராதம். வேறு ஆட்டமாக இருந்தால் அந்தப் பதினாலு வருஷத்தில் உடம்பு தேய்ந்திருக்கும். இந்த ஆட்டத்தில் தேய்மானம் குறைவு, அனுபவம் மட்டும் ஏறும். 2022-ல் லவ்லி, பிங்கி இருவருக்கும் நாற்பதைத் தாண்டிய வயது. மற்ற இருவரும் முப்பதுகளின் நடுவில்.

பந்துக்குக்கூட வெளிநாட்டைத்தான் பார்க்க வேண்டும். நல்ல பந்துகள் ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் செய்யப்படுகின்றன. மெல்பர்னின் ஹென்ஸலைட், கிளாஸ்கோவின் டெய்லர் எல்லாம் பரம்பரைப் பெயர்கள். கை அளவுக்கும் தரையின் வேகத்துக்கும் ஏற்றபடி பந்து மாறும். இறக்குமதி செய்து, சுங்கம் கட்டி ஆட வேண்டிய ஆட்டம் இது. பெரிய விளம்பரதாரர் யாரும் வரிசையில் நிற்கவில்லை.

இப்போது மேட்ச். போட்டி நடந்தது பர்மிங்காமுக்கு வெளியே லெமிங்டன் ஸ்பா என்ற சின்ன ஊரின் விக்டோரியா பார்க்கில். குழு ஆட்டத்தில் இங்கிலாந்திடம் 9-18 என்று தோல்வி. குக் தீவுகளை 15-9, கனடாவை 17-7. காலிறுதியில் நார்ஃபோக் தீவை ஜெயித்தார்கள். (நார்ஃபோக் தீவின் ஜனத்தொகை சுமார் இரண்டாயிரம். நம் ஊரில் ஒரு தெருவுக்கு அவ்வளவு பேர் இருப்பார்கள். அங்கிருந்து ஓர் அணி காலிறுதி வரை வருகிறது என்றால் அந்தப் பக்கம் இந்த ஆட்டம் எவ்வளவு ஊறியது என்று பாருங்கள்.)

அரையிறுதியில் நியூசிலாந்து. இந்த ஆட்டத்தில் பதக்கம் வாங்கி அலுத்துப் போன நாடு. ஆரம்பத்திலேயே 0-5. இந்தியாவில் யாரும் டிவியில் பார்த்துக்கொண்டிருக்கவில்லை என்பது ஒருவகையில் நல்லது, பார்த்திருந்தால் சேனலை மாற்றியிருப்போம். அங்கிருந்து ஒவ்வொரு புள்ளியாக எட்டிப் பிடித்து, முன்னால் போய், பின்னால் வந்து, கடைசியில் 16-13. இந்த ஆட்டத்தில் ஒரு சுற்றில் தோற்றாலும் அடுத்த சுற்று முழுக்கப் புதுசு, கிடக்கும் பந்தையெல்லாம் அள்ளி எடுத்துவிட்டு முதலிலிருந்து ஜாக்கை உருட்ட வேண்டும். போன சுற்றின் கோபத்தைக் கையில் வைத்திருந்தால் பந்து இரண்டடி அதிகமாகப் போய்விடும். இருபது வயதில் இது வருவது கஷ்டம். ஒருமுறை எல்லாவற்றையும் இழந்து வேறு வேலை தேடியவர்களுக்கு வரும் என்று நினைக்கிறேன்.

அரையிறுதியில் ஜெயித்த உடனே குறைந்தது வெள்ளி உறுதி. அப்போதுதான் இந்தியா விழித்தது. வாட்ஸப்பில் விதிமுறைகள் பறந்தன. நேற்று வரை பெயர் தெரியாத ஆட்டத்துக்கு எங்கள் குடியிருப்பிலேயே நாலு நிபுணர்கள் முளைத்தார்கள்.

இறுதி ஆட்டம் தென்னாப்பிரிக்காவுடன். இந்தியா 8-2 என்று முன்னால் போனது. எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே தென்னாப்பிரிக்கா ஒவ்வொன்றாகப் பிடித்து 8-8. அப்புறம் 10-8, அவர்கள் முன்னால். ஆறு புள்ளி முன்னால் இருந்து இரண்டு புள்ளி பின்னால் போவது சாதாரண அடி இல்லை. கிரிக்கெட்டில் இந்த மாதிரி நேரத்தில் நம் அணிகள் மடங்கியதைப் பார்த்துப் பழகியவர்கள் நாம். ஆனால் அந்த 10-க்கு மேல் தென்னாப்பிரிக்காவுக்கு ஒரு புள்ளிகூட வரவில்லை. லவ்லி ஜாக்குக்குப் பக்கத்தில் வைப்பார், பிங்கி அதற்குக் காவலாக ஒன்று, நயன்மோனி எதிராளியின் பந்தை நகர்த்துவார், ரூபா ராணி வந்து முடித்து வைப்பார். கணக்கு முடிந்தபோது 17-10.

நாலு நாள் கழித்து ஆண்கள் நால்வர் அணி (சுனில் பகதூர், நவ்நீத் சிங், சந்தன் குமார் சிங், தினேஷ் குமார்) இறுதியில் வட அயர்லாந்திடம் 5-18 என்று தோற்று வெள்ளி வாங்கியது. வேறு வருஷமாக இருந்தால் அதுவே தலைப்புச் செய்தி. அந்த பர்மிங்காமில் இந்தியாவுக்கு மொத்தம் 61 பதக்கம், அதில் 22 தங்கம். பளு தூக்குதல், மல்யுத்தம் என்று எதிர்பார்த்த இடங்களில் வந்தவை அவை. இந்த ஒன்றுதான் யாரும் எழுதி வைக்காத வரவு.

பிறகு நயன்மோனிக்கு 2022-க்கான அர்ஜுனா விருதும், பிங்கிக்கு 2023-க்கான அர்ஜுனா விருதும் கிடைத்தன. நால்வராக ஆடும் ஆட்டத்தில் விருது ஒவ்வொருவராகத்தான் வரும் என்பது அரசாங்க நடைமுறை, என்ன செய்ய!

நம் வீடுகளில் இந்தக் கதை எங்கே இடிக்கிறது என்றால், பிள்ளைகளின் ஒன்பதாம் வகுப்பில். என் பெண் கோ-கோ ஆடினாள். ஒன்பதாம் வகுப்பு வந்ததும் டியூஷன் நேரம் இடித்தது, நின்றுவிட்டது. ஊரை விட்டு வந்த குடும்பங்களில் இது எழுதாத சட்டம். நமக்கு இங்கே நிலம் இல்லை, சொந்தம் இல்லை, மார்க் ஒன்றுதான் கையிருப்பு, அதில் கை வைக்க விட மாட்டோம். 2025 ஜனவரியில் முதல் கோ-கோ உலகக் கோப்பையில் இந்தியப் பெண்கள் நேபாளத்தை 78-40 என்று ஜெயித்தார்கள். அந்த அணியில் பளிச்சென்று ஆடிய சைத்ரா, இதே மைசூர் மாவட்டத்தில் டி.நரசீபுரம் தாலுகாவின் குருபூர் கிராமத்துப் பெண். பேப்பரில் படத்தைப் பார்த்துவிட்டு என் பெண் ஒன்றும் சொல்லவில்லை. மடித்து வைத்துவிட்டுப் போனாள். நானும் ஒன்றும் சொல்லவில்லை. நாற்பது வயதில் தங்கம் வாங்கியவர்கள் இருக்கிறார்கள் என்று அப்புறம் ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னேன். "அப்பா, அதுக்குப் புல் வேணும்ப்பா" என்றாள். சரியான பதில்தான்.

அந்தப் புல் விஷயம் மறுபடி வருகிறது. 2026 கிளாஸ்கோ போட்டிக்கான பட்டியலை 2024 அக்டோபரில் வெளியிட்டபோது செலவைக் குறைக்கப் பல ஆட்டங்களை வெட்டினார்கள். ஹாக்கி, பேட்மிண்டன், மல்யுத்தம், கிரிக்கெட் எல்லாம் போயின. நமக்குப் பதக்கம் கொட்டும் ஆட்டங்கள் அவை. பவுல்ஸ் தப்பித்தது, ஆனால் உள்ளரங்கில், புல்லுக்குப் பதில் விரிப்பின்மேல். பந்து வளைவது, நிற்பது, வேகம் எல்லாமே விரிப்பில் வேறு. புல்லில் பதினாலு வருஷம் கற்றதில் பாதியை மறுபடி கற்க வேண்டும்.

2025 நவம்பரில் இன்னொரு ஓட்டெடுப்பில் 2030 போட்டி அகமதாபாத்துக்கு வந்திருக்கிறது. டெல்லிக்குப் பிறகு சரியாக இருபது வருஷம். அன்றைக்குத் தரை போட்டுவிட்டு ஆளைத் தேடினார்கள். இந்தமுறை ஆள் இருக்கிறார்கள். ராஞ்சி நாம்கும்மில் காலையில் போனால் உருட்டிக் காட்டச் சொல்லிக் கேட்கலாம்.